பதினாறு வயதும் முந்நூறு குதிரைத்திறனும்

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்களைத் தினமும் மேய்கிற பதினாறு வயதுப் பிள்ளைகள், பெற்றோருக்கு முன்பே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டொயோட்டா கேம்ரியும், அதே வயதுடைய ஃபோர்டு மஸ்டாங்கும் பல ஊர்களில் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கும். ஒன்று பக்கத்து வீட்டுப் பாட்டி ஓட்டும் கார். இன்னொன்று படத்தில் வருகிற கார். "ரெண்டும் ஒரே விலைதானேப்பா, அப்புறம் என்ன?" என்று பிள்ளை கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது.

பழைய காரில் விலைதான் இறங்குகிறது, சக்தி இறங்குவதில்லை. 2011 மாடல் மஸ்டாங்கின் வி6 எஞ்சின் 305 குதிரைத்திறன் தரும். 1985-ல் அதே மஸ்டாங்கின் வி8 எஞ்சின், அன்று எல்லோரும் வாய்பிளந்து பார்த்தது, 210 குதிரைத்திறன்தான் தந்தது. இன்று 'சின்ன எஞ்சின்' என்று விற்கப்படுவது அந்தக் காலத்துப் பெரிய எஞ்சினைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. "வி8 கேக்கலப்பா, வி6தானே கேக்கறேன்" என்ற சமாதானம் பல வீடுகளில் எடுபடுகிறது. எடுபடக்கூடாது.

இந்தப் பேச்சு பதினாறு வயதிலேயே வருவதற்குக் காரணம் அந்த நாட்டின் அமைப்பு. கலிஃபோர்னியாவில் பதினைந்தரை வயதில் பழகுநர் பர்மிட் வாங்கலாம். ஆறு மாதம் அதை வைத்திருந்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து 50 மணி நேரம் ஓட்டி (அதில் 10 மணி நேரம் இரவில்), தேர்வில் தேறினால் பதினாறில் தனியாக ஓட்டலாம். பள்ளிக்கூடம் மூன்று மைல், நீச்சல் பயிற்சி ஏழு மைல், நண்பன் வீடு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பேருந்து கிடையாது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளை கார் ஓட்டத் தொடங்கும் நாள் ஒரு விடுதலை நாள். நியூ ஜெர்சியிலும் டெக்ஸாஸிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதே கட்டத்தை இப்போது கடந்துகொண்டிருக்கின்றன. ஊரில் பதினெட்டு வயதுக்கு முன் கார் லைசென்ஸ் என்ற பேச்சே இல்லாமல் வளர்ந்து, பலர் முப்பதை நெருங்கும்போது அமெரிக்கா வந்த பிறகே ஸ்டீயரிங் பிடித்த பெற்றோர்கள் அவர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கார் பொருந்தும் என்று தீர்மானிக்கச் சொந்த அனுபவம் அவர்களுக்குக் கைகொடுக்காது. அதனால் பிள்ளை சொல்வதுதான் வீட்டில் நிபுணர் கருத்தாக ஆகிவிடுகிறது.

நிபுணர்கள் வெளியே இருக்கிறார்கள். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம், அமெரிக்காவில் விற்கும் கார்களை மோதவிட்டுப் பார்த்து மதிப்பெண் போடும் அமைப்பு. 1959-ல் தொடங்கியது. 16 முதல் 19 வயதுள்ளவர்கள் ஒரு மைலுக்குச் சந்திக்கும் உயிர்ப்பலி விபத்துகள், இருபதைத் தாண்டியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. அந்த வயதுக்குள்ளேயும் பதினாறும் பதினேழும் மோசம். இரவு மோசம். லைசென்ஸ் கையில் கிடைத்த முதல் சில மாதங்கள் எல்லாவற்றிலும் மோசம்.

கூட யார் உட்காருகிறார்கள் என்பது இன்னும் கூர்மையான கணக்கு. அமெரிக்க மோட்டார் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளை 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 16, 17 வயது ஓட்டுநரோடு 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் காரில் ஏறினால் ஓட்டுநர் சாகும் அபாயம் 44 சதவீதம் கூடுகிறது. இருவர் ஏறினால் இரண்டு மடங்கு. மூவரோ அதற்கு மேலோ ஏறினால் நான்கு மடங்கு. அதே காரில் 35 வயதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்தால் அபாயம் 62 சதவீதம் குறைகிறது. கார் அதே கார், கால் அதே கால். பக்கத்து இருக்கையில் அம்மா இருக்கிறாளா, வகுப்புத் தோழன் இருக்கிறானா என்பதுதான் வித்தியாசம். கலிஃபோர்னியா முதல் வருடத்தில் 20 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாது, இரவு 11 முதல் காலை 5 வரை ஓட்டக்கூடாது என்று விதித்திருப்பது இந்த அபாயத்தைக் கருதித்தான்.

இத்தனையும் சாதாரணக் காருக்கே பொருந்தும். ஸ்போர்ட்ஸ் கார் இதன்மேல் என்ன சேர்க்கிறது?

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது, சாலை இன்னும் காயவில்லை. சிக்னலில் இடப்பக்கம் திரும்பப் பச்சை அம்பு விழுகிறது. பின்னால் இருக்கும் கார் ஹாரன் அடிக்கிறது. ஸ்டீயரிங்கைப் பாதி திருப்பிய நிலையில் பிள்ளை ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறான். மஸ்டாங் பின்சக்கரத்தால் ஓடும் கார். பின் டயர்கள் அந்த நொடியில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது: காரை முன்னால் தள்ள வேண்டும், வளைவில் பக்கவாட்டில் விலகாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். டயருக்கு உள்ள பிடிப்பு ஒன்றுதான், அதை இரண்டு வேலைக்கும் பங்கிட்டாக வேண்டும். 305 குதிரைகளில் பாதி வந்து இறங்கினாலே தள்ளும் வேலை முழுப் பிடிப்பையும் தின்றுவிடும். காரின் வால் வெளியே போகும். பயந்துபோன பிள்ளை காலை வெடுக்கென்று எடுக்கிறான். அப்போது காரின் எடை முன்பக்கம் சாய்ந்து, பின் டயர்கள் இன்னும் லேசாகி, வால் இன்னும் வேகமாகப் போகிறது. அவன் எதிர்ப்பக்கம் திருப்புகிறான், தாமதமாகவும் தேவைக்கு மேலாகவும். பின் டயர்களுக்குத் திடீரென்று பிடிப்பு திரும்பக் கிடைத்ததும் கார் மறுபக்கம் சுண்டி இழுக்கப்பட்டு நடைபாதை விளிம்பில் ஏறுகிறது. எல்லாம் மூன்று நொடிக்குள்.

முன்சக்கரத்தால் ஓடும் கேம்ரியிலோ சிவிக்கிலோ அதே தப்பைச் செய்தால் காரின் மூக்குதான் வளைவைவிட்டு வெளியே நகரும். பயந்து காலை எடுத்தால் பிடிப்பு திரும்பும். பதினாறு வயதின் பயமே அங்கே சரியான மருந்தாக வேலை செய்கிறது. பின்சக்கரக் காரில் அதே பயம் காரியத்தைக் கெடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கார் ரசிகர்கள் கூடிக் கலையும் இடங்களில் மஸ்டாங்குகள் வாசலைத் தாண்டியதும் வால் சுழன்று மரத்திலும் கூட்டத்திலும் பாயும் வீடியோக்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். அந்தக் காரை ஆசை ஆசையாக வாங்கிப் பல மாதம் ஓட்டியவர்கள். அவர்களுக்கே கை தவறுகிறது.

இதைத் தடுக்கத்தான் இ.எஸ்.சி. என்ற நிலைக் கட்டுப்பாடு வந்தது. ஸ்டீயரிங் காட்டும் திசையும் கார் போகும் திசையும் ஒத்துப்போகவில்லை என்று கண்டதும், அது தானாக ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, எஞ்சினின் சக்தியையும் குறைத்து, காரை நேராக்கும். எந்த மனிதக் காலாலும் ஒற்றைச் சக்கரத்துக்குப் பிரேக் போட முடியாது. தனியாக ஓடி எங்காவது மோதிச் சாகும் விபத்துகளின் அபாயத்தை இது ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. 2012 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். அதற்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிள்ளை கையிலுள்ள பணத்துக்குக் கிடைப்பவற்றில் அந்த முந்தைய வருடத்துக் கார்களும் உண்டு என்பதுதான் சிக்கல். இன்னொன்றும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்களில் இ.எஸ்.சி.யை அணைக்க ஒரு பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பந்தயத் தடத்துக்காக வைத்தது. நண்பர்கள் முன்னால் அதை அழுத்திக் காட்டாமல் இருக்க பதினாறு வயதில் அசாத்திய மன உறுதி வேண்டும்.

வேகமும் அப்படித்தான். பழைய டொயோட்டா கொரோலா நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தொடப் பத்து நொடிவாக்கில் எடுத்துக்கொள்ளும். 2011 மஸ்டாங் ஜி.டி. ஐந்து நொடிக்குள் தொட்டுவிடும். 40 மைல் வேகச் சாலையில் கவனம் ஒரு கணம் சிதறினால் கொரோலா கூட்டுகிற வேகத்தைப்போல் இரண்டு மடங்கை மஸ்டாங் கூட்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். ஃபோர்டு நிறுவனம் பெற்றோருக்காக 'மைகீ' என்றொரு சாவி கொடுக்கிறது. பிள்ளைக்கென்று தனியாக அமைத்த சாவியைப் போட்டால் உச்ச வேகம் கட்டுப்படும், சீட் பெல்ட் போடும்வரை பாட்டு கேட்காது. நல்ல ஏற்பாடு. பிந்தைய மஸ்டாங்குகளிலும் உண்டு. ஆனால் 80 மைலில் நிறுத்தும் சாவி, 20-லிருந்து 60-க்குப் பாய்வதைத் தடுக்காது. ஊருக்குள் அபாயம் இருப்பது அந்த இடைவெளியில்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் மெதுவான குட்டிக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் தப்பு. அதே நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2020 மாடல் கார்களின் மரண விகிதத்தை 2023-ல் வெளியிட்டபோது, ஓட்டுநர் மரணத்தில் முதலிடம் பிடித்தது எந்த ஸ்போர்ட்ஸ் காரும் இல்லை. மிட்சுபிஷி மிராஜ் ஜி4 என்ற சிறு சிக்கனக் கார். பத்து லட்சம் கார்கள் ஒரு வருடம் ஓடினால் 205 ஓட்டுநர் மரணம். டாட்ஜ் சாலஞ்சர், டாட்ஜ் சார்ஜர், செவர்லே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங் ஆகிய 'மசில் கார்'களின் வகைகளும் மோசமான பட்டியலில் ஆறு இடம் பிடித்திருந்தன. ஒன்று தன் எடைக் குறைவால் உள்ளே இருப்பவரைக் கைவிடுகிறது, மற்றவை ஓட்டும் விதத்தைத் தூண்டிவிடுகின்றன. சார்ஜரின் ஹெமி எஞ்சின் வகை இன்னொரு பட்டியலில் முதலிடம்: மோதியபோது எதிர்க் காரை ஓட்டியவர்கள் இறந்த கணக்கில். அந்தப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. தன் உயிரைப் பற்றிப் பேசினால் பதினாறு வயது காது கொடுக்காது. அடுத்தவர் உயிர் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

2014 முதல் அந்தக் கழகம் பதின்வயதினருக்கென்றே பழைய கார்களின் பரிந்துரைப் பட்டியல் வெளியிடுகிறது. பின்னாளில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையும் அதில் கைகோத்தது. அதிகக் குதிரைத்திறன் கூடாது, இ.எஸ்.சி. இருக்க வேண்டும், 2,750 பவுண்டுக்கு (சுமார் 1,250 கிலோ) குறைந்த எடை கூடாது. கையாளக் கடினமான பெரிய எஸ்.யூ.வி.களும் பட்டியலில் இல்லை. மிஞ்சுபவற்றில் கேம்ரி, அக்கார்டு மாதிரி நடுத்தரக் கார்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அலுப்பூட்டும் பட்டியல்தான், ஆனால் அந்த அலுப்பில் கணக்கு இருக்கிறது.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்த பிள்ளை ஒரு பெயரைச் சொல்லும்: மியாட்டா.

அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் அறிமுகம் செய்த எம்.எக்ஸ்-5 மியாட்டாவின் முதல் வடிவம், 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. வேகத்துக்காகச் செய்த கார் அது அல்ல. வளைவில் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுபவர் உள்ளங்கையிலும் இடுப்பிலும் உணர வேண்டும் என்பதற்காகச் செய்தது. கார் பிரியர்கள் இதற்காக வாதாடும்போது மூன்று காரணம் சொல்வார்கள். சக்தி குறைவு. கியர் வண்டி, இடக்காலும் வலக்கையும் வேலையாக இருப்பதால் போனைத் தொட நேரம் இருக்காது. இருக்கை இரண்டுதான், ஆகவே மூன்று நண்பர்கள் ஏற வழியில்லை. மூன்றாவது காரணம் உண்மையிலேயே கனமானது. நான்கு மடங்கு அபாயம் என்ற அந்த வரி, இரண்டு இருக்கைக் காரில் நடக்கவே முடியாது. இரண்டாவது காரணம் சிக்னல் நிறைந்த தெருவில் செல்லும். கடைசி கியரில் நெடுஞ்சாலையில் போகும்போது கை மறுபடியும் சும்மாதான் இருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பதோ எடை. முதல் தலைமுறை மியாட்டாவில் இ.எஸ்.சி. கிடையாது, கூரை துணி, எதிரே வருவது இரண்டரை டன் பிக்கப் வண்டி. புதிய தலைமுறையில் இ.எஸ்.சி. உண்டு, ஆனாலும் எடை ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும். 2012-ல் வந்த சுபாரு பி.ஆர்.இசட்டும் அதன் இரட்டையான சயான் எஃப்.ஆர்-எஸ்ஸும் (பிறகு டொயோட்டா 86 என்று பெயர் மாறியது) இன்னும் கொஞ்சம் பொருந்திவருகின்றன. 200 குதிரைத்திறன், கூரை உலோகம், இ.எஸ்.சி. உண்டு, எடை 1,250 கிலோவைத் தொட்டுத் தொடாமல். ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்று ஒரு வீடு முடிவே செய்துவிட்டால் மஸ்டாங், கமாரோ, சாலஞ்சர் பக்கம் போவதைவிட இந்தப் பக்கம் வருவது எவ்வளவோ மேல். ஆனாலும் இது முதல் காராக வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் பாக்கியிருக்கிறது. குதிரைத்திறனுக்கும் எடைக்கும் சம்பந்தமில்லாத காரணம். அதற்கு முன் 'பழைய' என்ற அடைமொழியையும் பார்த்துவிடுவது நல்லது.

பழைய கேம்ரியை விற்பவர் எண்ணெய் மாற்றிய ரசீதுக் கட்டோடு வருவார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். அதில் ஒரு கையாவது இருபத்திரண்டு வயதுடையதாக இருந்திருக்கும். தரையைத் தொடுமளவு இறக்கிய ஸ்பிரிங், கணினியில் மாற்றி எழுதிய எஞ்சின் நிரல், சத்தத்துக்காக வெட்டி ஒட்டிய சைலன்சர், கார் அகலத்துக்குப் பொருந்தாத சக்கரம். இவை ஒவ்வொன்றும் தொழிற்சாலை பொறியாளர்கள் கணக்குப் போட்டு வைத்த சமநிலையைக் கொஞ்சம் கலைக்கிறது. ஒரு முறை நொறுங்கி, இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிட்டு, யாரோ சேர்த்து ஒட்டிய காராகவும் இருக்கலாம். அதன் பத்திரத்தில் அது முத்திரையாகப் பதிந்திருக்கும், விளம்பரத்தில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் வரும். விற்பவருக்குத் தெரியாத மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்காமல் இப்படிப்பட்ட காருக்கு ஒரு டாலர்கூட நீட்டக்கூடாது.

டயரைக் குனிந்து பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த தேதி. 2314 என்றிருந்தால் 2014-ன் 23-ஆவது வாரம். பள்ளம் ஆழமாக, பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகியிருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் வாரக் கடைசியில் மட்டும் வெளியே வருவதால் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில் இறந்த விபத்தில், அவர் உட்கார்ந்திருந்த 2005 மாடல் போர்ஷே கரேரா ஜி.டி.யின் டயர்களுக்கு ஒன்பது வயது. 45 மைல் வேக எல்லையுள்ள சாலையில் கார் 80 முதல் 93 மைல் வேகத்தில் போயிருந்ததாகப் புலனாய்வில் தெரியவந்தது. ஓட்டியவர் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகியவர். வேகமும் கிழட்டு டயரும் சேர்ந்தபோது அந்தப் பழக்கம் காப்பாற்றவில்லை. வேகக் கார்ப் படங்களால் உலகப் புகழ்பெற்ற நடிகர் என்பதால் இந்தக் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். டயரின் வயது மட்டும் பெரும்பாலும் தெரியாது.

ஏர்பேக் இன்னொன்று. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பை ஊதிகள் வெடித்து உலோகத் துண்டுகளைப் பாய்ச்சியதால் அமெரிக்காவில் சுமார் 6.7 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்நாட்டின் மிகப் பெரிய வாகனத் திரும்ப அழைப்பு அதுதான். 2016-ல் டெக்ஸாஸில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, 2002 மாடல் ஹோண்டா சிவிக்கை ஓட்டிப்போய் முன்னால் நின்ற காரில் மோதினாள். உயிர் போகிற அளவு மோதல் அல்ல அது. வெடித்த ஊதியின் துண்டு பாய்ந்து இறந்துபோனாள். அந்தக் காரில் பழுது சரிசெய்யப்பட்டிருக்கவில்லை. 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங்குகளும் இந்த அழைப்புக்கு உட்பட்டவை. காரின் 17 இலக்க அடையாள எண்ணை மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டால், பாக்கியுள்ள பழுதுகள் ஒரு நிமிடத்தில் தெரியும். பார்க்கவும் காசில்லை, சரிசெய்யவும் காசில்லை. எந்தக் கார் வாங்கினாலும் இதைச் செய்துவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் வாங்குவதற்கு முன் அடையாள எண்ணையும் பிள்ளையின் வயதையும் சொல்லி விலை கேட்டால் போதும். பல வீடுகளில் விவாதம் அந்தத் தொலைபேசி அழைப்போடு முடிந்துவிடுகிறது. பிள்ளையைச் சமாதானப்படுத்த அப்பாவின் பேச்சைவிட அந்தத் தொகை வலுவானது.

இனி அந்தப் பாக்கிக் காரணம். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காரைப் பற்றிக் கேட்காமல் சாவியைப் பற்றிக் கேட்டார்கள். வீட்டில் ஒரு கார் உன்னுடையது, நீதான் அதை முக்கியமாக ஓட்டுகிறாய் என்ற நிலையா? அல்லது அப்பா அம்மாவின் காரைக் கேட்டு வாங்கி ஓட்டுகிறாயா? பத்தில் ஏழு பிள்ளைகள் தமக்கென்று கார் இருப்பதாகச் சொன்னார்கள். கேட்டு வாங்கி ஓட்டுபவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் விபத்தில் சிக்கியது இரண்டு மடங்குக்கும் மேல். ஓட்டும்போது போன் பேசுவதும் எல்லையை மீறி வேகமாகப் போவதும் அவர்களிடம்தான் அதிகம்.

இதன் காரணம் எளிது. "அம்மா, கார் எடுத்துக்கவா?" என்று கேட்க வேண்டியிருந்தால் எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்ற மூன்று கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். திரும்பி வந்த காரில் அம்மா மறுநாள் உட்காரும்போது பெட்ரோல் எவ்வளவு குறைந்திருக்கிறது, புதுக் கீறல் இருக்கிறதா, இருக்கை எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். யாரும் காவல் காக்க வேண்டியதில்லை, வீடு நடக்கிற விதமே அதைச் செய்துவிடுகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் இதை அடியோடு அறுத்துவிடுகிறது. இரண்டே கதவு, பல சமயம் கியர் வண்டி, தாழ்ந்த இருக்கை, பின்னிருக்கை இல்லை அல்லது பெயருக்குத்தான். அம்மா அதில் கடைக்குப் போகமாட்டாள். முழங்கால் வலியுள்ள தாத்தாவை அதில் ஏற்ற முடியாது. தங்கையைப் பள்ளியில் விட்டு வர அப்பா அதை எடுக்கமாட்டார். வாங்கிய முதல் நாளிலிருந்தே அது அவன் கார், அவன் மட்டும் ஓட்டும் கார். மஸ்டாங்குக்கு இது பொருந்தும், பாவப்பட்ட மியாட்டாவுக்கும் இது பொருந்தும். கேம்ரியை வாங்கினால் அதைப் பிள்ளையின் காராக ஆக்காமல் வீட்டின் மூன்றாவது காராக வைத்துக்கொள்ள முடியும், சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டலாம். ஸ்போர்ட்ஸ் காரின் சாவி பிள்ளையின் பாக்கெட்டைவிட்டு வெளியே வராது. முதல் காராக அது வேண்டாம் என்பதற்கு மற்றக் காரணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

"நான் நல்லா ஓட்டுவேன்பா, கோர்ஸ் வேணும்னாலும் போறேன்" என்று பிள்ளை சொல்லும். போகட்டும். பி.எம்.டபிள்யூ கார் சங்கத்தின் அறக்கட்டளை 2002 முதல் நடத்தும் 'ஸ்ட்ரீட் சர்வைவல்' ஒரு நாள் பயிற்சியில் பிள்ளைகள் தாம் தினமும் ஓட்டும் காரையே கொண்டுவந்து, நீர் தெளித்த தளத்தில் சறுக்கிப் பார்த்து, முழு பலத்தோடு பிரேக் மிதித்துப் பழகுகிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அதிரும்போது காலை எடுத்துவிடும் பிள்ளைகளே அதிகம், அதை ஒரு முறையாவது பத்திரமான இடத்தில் உணர்ந்திருப்பது பெரிய லாபம். ஆனால் சறுக்கல் பயிற்சி மட்டும் போதும் என்று யாரும் எண்ணக்கூடாது. நார்வே அதைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. பிறகு ஆராய்ந்தபோது இளம் ஆண்களின் சறுக்கல் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. சமாளித்துவிடலாம் என்ற தைரியம் திறமையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது.

அதற்காகப் பிள்ளையின் ஆசையைக் கிண்டல் செய்யவும் கூடாது. பதினாறு வயதில் ஒருவன் எஞ்சின் எண்ணையும் எடைப் பகிர்வையும் மனப்பாடமாகச் சொல்கிறான் என்றால் அது நல்ல ஈடுபாடு. பொறியியலாளர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அதற்கு இடம் கொடுக்க வழியிருக்கிறது. 1944-ல் தொடங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் கிளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வாகன நிறுத்தத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து ஆட்டோகிராஸ் நடத்துகின்றன. ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரில் யாரும் இல்லை, தப்பு செய்தால் கூம்பு விழும். அப்பாவும் பிள்ளையும் குடும்பக் காரிலேயே போய் அங்கே கற்றுக்கொள்வது ஒரு மஸ்டாங் சொல்லித்தருவதைவிட அதிகம். பழைய மியாட்டா ஒன்றைப் பிறகு இருவரும் சேர்ந்து வாங்கிப் பழுது பார்க்கலாம். பதிவு அப்பா பேரில், சாவி அப்பாவிடம்.

முதல் இரண்டு வருடம் குடும்பக் கார். அதற்குப் பிறகு, ஓட்டிய விதத்தையும் வந்த அபராதச் சீட்டுகளையும் பார்த்து, பி.ஆர்.இசட் மாதிரி ஒன்றைப் பற்றிப் பேசலாம். மஸ்டாங் ஜி.டி.யை அப்போதும் பேச வேண்டாம். இரண்டு வருடத்தில் கார் கிடைக்காமல் போய்விடும் என்று பிள்ளை அவசரப்படுத்தும், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. டாட்ஜ் சாலஞ்சர் 2023 டிசம்பரோடு நின்றுவிட்டது, கமாரோவும் அதே சமயத்தில் போய்விட்டது. ஆனால் மியாட்டா 2016-லேயே பத்து லட்சமாவது காரைத் தாண்டிவிட்டது, மாஸ்டா அதை இன்றும் செய்கிறது. பி.ஆர்.இசட் இரண்டாம் தலைமுறை வந்து, முதல் தலைமுறையின் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு வயதில் தேடும்போது இன்றைக்குக் கிடைப்பதைவிட நல்ல வண்டி, இன்றைக்குக் கேட்பதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும்.